கதவில் தொங்கிய துண்டு

இதை உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நீ, உன் என்று எழுதினால் யாரைச் சொல்கிறேன் என்று குழப்பம் வரும். அதனால் பெரியவள், சின்னவன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். ஒரே மூச்சில் எழுத என்னால் ஆகாது. கொஞ்சம் எழுதுவேன், படுத்துக்கொள்வேன், எழுந்து வந்து மறுபடி எழுதுவேன். அங்கங்கே ஒட்டாமல் இருந்தால் அதுதான் காரணம்.

சொல்ல வந்தது ஒரே விஷயம். எனக்குத் தலையில் அடிபட்ட பிறகு நீங்கள் இரண்டு பேரும் அப்பா என்று என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டீர்கள். அது எப்படி நின்றது என்று எனக்குத் தெரியும். திரும்ப வருமா என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அப்போது நான் பெங்களூரில் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றும் வேலை. விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயில் ஏற வேண்டும். வண்டி இங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால், அடுத்த ஸ்டேஷனான சாம்பியன் ரீப்ஸில் ஏறுகிறவர்களுக்கு இடம் போட்டு வைப்பது மாரிகுப்பத்துக்காரர்களின் பொறுப்பு. என்னிடம் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு ஒன்று இருந்தது. அதைப் பெஞ்சில் விரித்துவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள். பங்காருபேட்டையில் கூட்டம் நெரித்தாலும், துண்டு கிடக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பிறகு அதே துண்டை நாலு பேர் மடியிலும் விரித்து ரம்மி ஆடிக்கொண்டே போவோம்.

ஒருநாள் ரயிலை விட்டுவிட்டேன். ரயில் சிநேகிதன் ஒருவனும் விட்டுவிட்டான். பங்காருபேட்டையில் வேறு வண்டி பிடிக்கலாம் என்று அவன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டான். வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. எனக்கு வெளியே காயம் ஒன்றும் தெரியவில்லை, மண்டைக்கு உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. நாயைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது பெங்களூர் ஆஸ்பத்திரியின் சீலிங் பேன். அது கொஞ்சம் ஆடிக்கொண்டே சுற்றியது. பேரிங் போய்விட்டது என்று நினைத்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகி என் காலாலேயே நடந்து வீட்டுக்கு வந்தேன். வரிசை வீடுகளான எங்கள் லைனில் இருக்கிறவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கை கால் ஆடுகிறது, பேச்சு இருக்கிறது, ஆளை அடையாளம் தெரிகிறது. "அப்புறம் இன்னா, பொழச்சிக்கினே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அசதி என்று சொன்னால் உங்களுக்கு விளையாடிவிட்டு வருகிற அசதிதான் ஞாபகம் வரும். இது அந்த மாதிரி இல்லை. பல் தேய்த்து முகம் கழுவிவிட்டு வந்தால், அடுத்துச் சட்டை போட வேண்டும் என்பது தெரியும், கை போகாது. ஒருவர் பேசினால் கேட்டுவிடுவேன். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டுமே புரியாது. குக்கர் விசில் அடித்தால் அந்தச் சத்தம் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் இறங்காது. படுப்பேன். தூங்கி எழுந்தால் படுக்கப் போனபோது இருந்த அதே இடத்தில்தான் இருப்பேன். தூக்கம் எங்கேயோ போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இப்ப ரத்தக் கசிவு ஒண்ணும் இல்ல. ஆனா இந்தக் களைப்பு இருக்கும். எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாது" என்றார். உங்கள் அம்மா, "நல்லா தூங்கினா சரியா பூடுமா சார்?" என்று கேட்டாள். "தூங்கட்டும், ஆனா தூக்கத்தால மட்டும் சரியாகிற விஷயம் இல்லம்மா" என்றார். அம்மா காதில் முதல் பாதிதான் விழுந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் அம்மா பிறந்து வளர்ந்தது தங்கச் சுரங்கத் தொழிலாளியின் வீட்டில். அவளுடைய அப்பா நைட் ஷிஃப்ட் போய்விட்டுக் காலையில் வந்து படுத்தால், வீட்டுக் கதவின் தாழ்ப்பாளில் ஒரு துண்டைக் கட்டித் தொங்க விடுவார்களாம். அந்த லைன் முழுக்க அதுதான் வழக்கம். துண்டு தொங்கினால் உள்ளே ஷிஃப்ட்டுக்காரர் தூங்குகிறார் என்று அர்த்தம். கீரைக்காரி அந்தக் கதவைத் தாண்டிப் போய்த்தான் குரல் கொடுப்பாள். பக்கத்து வீட்டில் உரல் இடிக்க மாட்டார்கள். பிள்ளைகளை அடுத்த லைனுக்குத் துரத்திவிடுவார்கள். துண்டை அவிழ்க்கிற உரிமை தூங்கி எழுந்தவருக்கு மட்டும்தான்.

நான் வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா என் ரயில் துண்டைத் தேடி எடுத்து உள் ரூம் கதவின் தாழ்ப்பாளில் கட்டினாள். உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "இது தொங்கறப்ப உள்ள போவக்கூடாது, தட்டக்கூடாது, கூப்டக்கூடாது. அப்பா தூங்கி எழுந்து அவரே அவுத்துட்டு வருவாரு. புரிஞ்சிதா?" என்றாள். சின்னவன் அப்போது மூன்றாம் வகுப்பு. "தண்ணி வேணும்னா?" என்று கேட்டான். "தண்ணி சமையக்கட்டுல கீது, அப்பா தலமாட்டுலயா கீது?" என்றாள்.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா துண்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அவளும் சுரங்கத்து வீட்டுப் பெண்தான். "ஏம்மா, மைன்ஸ் மூடி இத்தன வருஷம் கழிச்சி உங்க வூட்ல மட்டும் நைட் ஷிஃப்டா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தனியா ஒரு ஷாஃப்ட் தெறந்து வுட்டாங்க."

"சம்பளம் எப்படி?"

"சம்பளம் இல்ல. தூக்கம் மட்டும் ஓவர்டைம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளே கேட்டது. சிரிக்க வேண்டிய பேச்சு என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. அது இன்னொரு விஷயம். அடிபட்ட பிறகு எனக்குச் சிரிப்பும் அழுகையும் கோபமும் பக்கத்து வீட்டில் நடக்கிற மாதிரி ஆகிவிட்டன. நடக்கிறது என்று தெரியும்.

நடுவில் வேலைக்குப் போய்ப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ரயிலில் சிநேகிதர்கள் என் ஜன்னலோர இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். "வா மச்சான். உன் துண்டு இல்லாம எவன் கைக்குட்டையையும் ஜனங்க மதிக்க மாட்டேன்றாங்க" என்று இழுத்து உட்கார வைத்தார்கள். சீட்டைப் பிரித்துக் கையில் கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று வரவில்லை. பக்கத்தில் இருந்தவன் என் சீட்டை எட்டிப் பார்த்து, "டேய், கையிலயே ரம்மி வெச்சிக்கினு உக்காந்துகினு கீற" என்றான். மற்றவர்கள் நான் வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்தார்கள். பைக் ஓட்டின சிநேகிதன் மட்டும் என் கையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டு, "அவன் தூங்கட்டும் வுடுங்கடா" என்றான்.

பட்டறையில் கம்பி சுற்ற உட்கார்ந்தேன். அந்த வேலையில் சுற்றை எண்ணிக்கொண்டே போக வேண்டும். மெஷின் எண்ணினாலும் கைக்காரன் மனசும் எண்ணும். பாதியில் எண்ணிக்கை நழுவிவிட்டது. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினேன், மறுபடி நழுவியது. முதலாளி நல்ல மனுஷன். பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருந்துட்டு வா" என்றார். போய்ச் சேர்ந்த அன்று மாலையே அப்படிச் சொன்னார். நான் சரி என்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். ரயிலில் ஏறி மாரிகுப்பம் வரை தூங்கிவிட்டேன். கடைசி ஸ்டேஷன் என்பதால் எழுப்பிவிட்டார்கள்.

அம்மா, கடைத்தெரு இருக்கிற பேட்டையில் ஒரு தையல் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். பகலில் வீட்டில் நான்தான். சின்னச் சின்ன வேலைகளைச் செய்து பார்த்தேன். ஒருநாள் தெருமுனைக் கடைக்குப் பூண்டு வாங்கப் போனேன். அந்தக் கடையைப் புதிதாக எடுத்தவர் ஹாசன் பக்கத்துக்காரர், அவருக்குத் தமிழ் வராது. நம் ஊரில் வீட்டில் ஒரு பாஷை, கடையில் ஒரு பாஷை, பக்கத்து வீட்டில் ஒரு பாஷை என்று மாறிப் பேசுவது மூச்சு விடுகிற மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை. அன்றைக்கு அவர் "ஏனு பேக்கு அண்ணா?" என்று கேட்டார். என்ன வேண்டும் என்று கேட்கிறார், அது புரிந்தது. பூண்டுக்குக் கன்னடத்தில் என்ன என்பது வரவில்லை. பெள்ளுள்ளி என்று சின்ன வயதிலிருந்து சொன்ன வார்த்தை. தேடத் தேட அந்த அசதி வந்துவிட்டது. பூண்டு எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கையைக் காட்டியிருக்கலாம். அது தோன்றவில்லை. ஒன்றும் வாங்காமல் வந்து படுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் தெலுங்கு அக்கா வாசலில் "பாகுன்னாவா தம்முடு?" என்று விசாரித்ததற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மூன்று பாஷையில் இரண்டு பாஷையின் கதவு சாத்தியிருந்தது.

இப்படியே போனதில் துண்டு தொங்குகிற நேரம் கூடிக்கொண்டே வந்தது. முதலில் மத்தியானம் மட்டும் தொங்கியது. பிறகு நீங்கள் ஸ்கூல் விட்டு வரும்போதும் தொங்கியது. பிறகு அவிழ்ப்பதையே நான் விட்டுவிட்டேன். சாப்பிட வெளியே வருவேன், துண்டு தொங்கிக்கொண்டே இருக்கும். மறுபடி உள்ளே போவேன்.

உங்களைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். பெரியவள் பாடத்தை வாய்விட்டுப் படிக்கிறவள், உதடு மட்டும் அசையப் படிக்கக் கற்றுக்கொண்டாள். சின்னவன் வாசலிலிருந்தே "யப்பா" என்று கத்திக்கொண்டு வருகிறவன். செருப்பைக் கையில் கழற்றிக்கொண்டு உள்ளே வரப் பழகினான். சொம்பை இரண்டு கையாலும் பிடித்து வைப்பான், சத்தம் வராமல். ஒருநாள் அம்மாவிடம் டீச்சர் சொன்னாராம், "உங்க பையன ரீடிங்குக்கு எழுப்பி விட்டா காதுல ரகசியம் சொல்ற மாதிரி படிக்கிறான், பின் பெஞ்சுக்குக் கேக்கறதே இல்ல" என்று. அம்மா அதைப் பெருமையாக என்னிடம் சொன்னாள். "எவ்ளோ அடக்கம் வந்துட்ச்சி பாருங்க அவனுக்கு."

எனக்கு அது சரியில்லை என்று பட்டது. அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். எழுந்தபோது என்ன சொல்ல நினைத்தேன் என்பது போய்விட்டது.

சின்னவன் தண்ணித் தொட்டிச் சுவரிலிருந்து விழுந்த நாளைச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பெரியவளுக்கு ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ். அம்மா வேலையில். நான் உள்ளே படுத்திருந்தேன், தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. வாசல் கதவு திறந்தது கேட்டது. யாரோ உள்ளே வந்து, என் கதவுக்கு நேராக நின்று, அப்படியே தரையில் உட்கார்ந்தது தெரிந்தது. மூச்சு கொஞ்சம் பலமாக வந்தது. சின்னவன்தான். ஓடி வந்திருக்கிறான் என்று நினைத்தேன். ஏதாவது வேண்டும் என்றால் தட்டுவான் என்றும் நினைத்தேன். தட்டவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பதற்கு முதலில் எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டும். அந்த நினைப்பு வந்து சேரவே வெகுநேரம் ஆகும் எனக்கு.

அம்மா வந்துதான் பார்த்தாள். அவளுடைய குரல் கேட்டு நான் வெளியே வந்தேன். சின்னவன் கதவோரம் உட்கார்ந்து இடது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு வீங்கி, கை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. முகம் முழுக்க வேர்வை. அழவில்லை.

"எப்போடா வுழுந்த?"

"ஸ்கூல் வுட்டு வந்தப்பவே."

"அப்பாவ எழுப்பறதுக்கு இன்னாடா உனக்கு?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு மேலே தாழ்ப்பாளைப் பார்த்தான். "துண்டு தொங்குதுல்ல" என்றான். அதையும் மெதுவாகத்தான் சொன்னான்.

ஆட்டோவில் போனோம். அம்மா அழுதுகொண்டே வந்தாள். நான் அவனை என் மேல் சாய்த்துப் பிடித்திருந்தேன். ஆட்டோ சத்தமும் ஹார்ன் சத்தமும் என் தலையை அடைத்தன. அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, தல வலிக்குதா? நீ கண்ண மூடிக்கோ. நான் சத்தம் போட மாட்டேன்" என்றான். எலும்பு முறிந்த பிள்ளை சொல்கிறான். அந்த இடத்தில் ஒரு தகப்பனுக்கு என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். வரவில்லை. அவன் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டேன். மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

மறுநாள் காலையில் துண்டை அவிழ்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னாத்துக்கு அவுக்கறீங்க?" என்று கேட்டாள்.

"இனிமே வேணாம்."

"நாளெல்லாம் யாராச்சும் கூப்ட்டுகினே இருந்தா நீங்க எப்ப தேறுவீங்க?"

அவளே சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒருநாள் பகலில் துண்டு தொங்கும்போது பிள்ளைகள் சேர்ந்து கூச்சல் போட்டு விளையாடியிருக்கிறார்கள். அவளுடைய அப்பா சரியாகத் தூங்காமல் எழுந்து அன்றைய ஷிஃப்ட்டுக்குப் போனார். கீழே சுரங்கத்துக்குள் தள்ளுவண்டிகளுக்கு நடுவே கையை விட்டதில் இரண்டு விரல் போய்விட்டது. "நாங்க போட்ட சத்தம்தான் அவரு வெரல எடுத்துச்சின்னு எங்கம்மா இன்னிக்கும் சொல்லும். அதுலேர்ந்து அந்தத் துண்ட பாத்தாலே எனக்கு வாய் கட்டிக்கும்."

இத்தனை வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதில்லை. அந்தத் துண்டை அவள் என் கதவில் கட்டினபோது அவளுக்குள் என்ன இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அவரு தூங்கி எழுந்து ஷிஃப்ட்டுக்குப் போனாரு. தூங்கினா அவருக்குத் தீந்துச்சி" என்றேன். "எனக்கு அது இல்ல. நான் தூங்கினாலும் இப்படித்தான், தூங்கலைனாலும் இப்படித்தான். கூப்ட்டா கூப்ட்டதாச்சும் மிச்சம்."

எனக்கு அவ்வளவு நீளமாகப் பேசுவது அப்போது பெரிய வேலை. பேசிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அம்மா துண்டை வாங்கிப் போய் சோப்புப் போட்டுத் துவைத்தாள். வெளியே கொடியில் காயப்போட்டாள். தெலுங்கு அக்கா, "இன்னாம்மா, ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "முடியலக்கா. துண்டுக்கு மட்டும் ரிடையர்மெண்ட்" என்றாள் அம்மா. குரல் சிரிக்கிற மாதிரி இல்லை.

அன்று சாயங்காலம் உங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். எது வேண்டும் என்றாலும் கதவைத் தட்டுங்கள், பதில் வரவில்லை என்றால் உள்ளே வந்து தோளைப் பிடித்து ஆட்டுங்கள் என்று. பெரியவள் சரிப்பா என்றாள். சின்னவன் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டு, "எழுப்பினா திட்ட மாட்டியா?" என்று கேட்டான்.

"திட்டினாலும் திட்டுவேன். நீ எழுப்பு."

"தல வலிச்சா?"

"வலிக்கும். அப்பவும் எழுப்பு."

சரி என்றான். ஆனால் எழுப்பவில்லை. பெரியவளும் எழுப்பவில்லை. துண்டு இல்லாத கதவைப் பார்த்துக்கொண்டு நான் படுத்திருந்தேன். நீங்கள் இருவரும் முன்போலவே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். தாழ்ப்பாளில் இருந்ததை அவிழ்த்தாயிற்று, உங்கள் காலில் கட்டியிருந்ததை எப்படி அவிழ்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காத்திருப்பது எனக்கு ஒரு வேலை ஆகிவிட்டது. எனக்கு இருந்த ஒரே வேலை என்றுகூடச் சொல்லலாம்.

சின்னவனுக்கு மாவுக்கட்டைப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் படுத்தாயிற்று. லைனில் பிள்ளைகள் பந்து ஆடும் சத்தம். காலடி ஒன்று என் கதவு வரை வந்து நின்றது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. விரல் முட்டியால் ஒரு தட்டு, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது.

"யப்பா."

முழுக் குரல் இல்லை. ஆனால் பின் பெஞ்சுக்குக் கேட்டிருக்கும்.

"இன்னாடா?"

அவன் யோசித்தான். என்ன கேட்பது என்று தயார் செய்துகொண்டு வரவில்லை போல. "ஒண்ணுமில்ல" என்றான். "சும்மா கூப்ட்டேன்."

"சரி."

கொஞ்ச நேரம் நின்றான். நான் திட்டுகிறேனா என்று பார்த்தான். வெளியே யாரோ அவன் முறை வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். செருப்பு டப்டப்பென்று அடிக்க ஓடிவிட்டான், கதவைச் சாத்தாமலே.

சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை என்றுதான் எழுத வேண்டும். பொய் எழுதி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தலை வலிக்க ஆரம்பித்தது, அன்று மாலை முழுக்க விடவில்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. அது பிறகு. அவன் ஓடின அந்த நேரத்தில் பந்துச் சத்தமும் லைன் சத்தமும் திறந்த கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தன. எழுந்து போய்ச் சாத்தலாமா என்று யோசித்தேன். சாத்தவில்லை.